லீவுக் கடிதத்தில் இல்லாத வியாதி

நம்முடைய பள்ளிக்கூடங்களில் சொல்லிக் கொடுக்கும் லீவுக் கடிதத்தில் ஒரே ஒரு வியாதிதான் உண்டு. அது காய்ச்சல். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்ற வாசகத்தை, இங்கிலீஷில் வேறு ஒரு வரி எழுதத் தெரியாத பையன் கூட ஒரு பிசகில்லாமல் ஒப்பித்துவிடுவான். பல்வலி என்றாலும் காய்ச்சல்தான். மாமா வீட்டுக் கல்யாணம் என்றாலும் காய்ச்சல்தான். வளர்ந்து உத்தியோகத்துக்குப் போன பிறகும் இந்தப் பழக்கம் நம்மை விடுவதில்லை. மூன்று ராத்திரியாகத் தூக்கம் வராமல், காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசற்படியைத் தாண்ட முடியாமல், நெஞ்சு படபடத்து உட்கார்ந்து விடுகிற குமாஸ்தாவும் 'காய்ச்சல்' என்றுதான் எழுதி அனுப்புகிறார். உள்ளதை எழுதினால் லீவு கிடைக்குமோ, சீட்டுக் கிழியுமோ, யாருக்குத் தெரியும்?

இந்தப் பொய்க் காய்ச்சலின் சரித்திரத்தை எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. அதற்கான சரக்கு கடைசியில் நான் எதிர்பாராத ஓர் இடத்தில் அகப்பட்டது. அமெரிக்காவின் கூடைப்பந்து ஆட்டத்தைத்தான் சொல்கிறேன். ஏழடி உயரமும் கோடிக்கணக்கில் சம்பளமும் உள்ளவர்களுக்கும், தென்காசி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் குமாஸ்தாவுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். இருவர் எழுதிய லீவுக் கடிதமும் ஒன்றுதான். ஒரே வித்தியாசம், ஆட்டக்காரர்கள் காய்ச்சல் என்று எழுத மறுத்தார்கள்.

அந்த ஆட்டம் பிறந்த கதையே வேடிக்கையானது. 1891-ஆம் வருஷம் டிசம்பர் மாதம், மாஸாசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்ப்ரிங்ஃபீல்டில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உபாத்தியாயர் இருந்தார். வெளியே பனி. உள்ளே அடைபட்ட மாணவர்கள், இரண்டு உபாத்தியாயர்களை ஏற்கெனவே ஓட்டி விட்டவர்கள். 'இவர்களை அடக்க ஒரு விளையாட்டுக் கண்டுபிடி' என்று தலைமை உபாத்தியாயரான கூலிக் சொல்லி, 14 நாள் கெடுவும் வைத்தார். நெய்ஸ்மித் 13 விதிகள் எழுதி, பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளை மாடிக் கைப்பிடிச் சுவரில் அறைந்தார். பக்கத்துக்கு 9 பேராக 18 பேர் ஆடினார்கள். அமைதியிழந்த மனங்களுக்கு மருந்தாக, மேலதிகாரியின் உத்தரவுக்கும் தவணைக்கும் கட்டுப்பட்டு உண்டான ஆட்டம் அது. மனமும் உத்தியோகமும் அதன் ஜாதகத்திலேயே சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன.

நம் பக்கத்துக்கு அது வந்ததும் அதே சங்கத்தின் மூலமாகத்தான். ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் சென்னைக்கு வந்து 1920-இல் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். அங்கே படித்து வந்த டிரில் மாஸ்டர்கள் ஊர் ஊராகக் கம்பம் நட்டார்கள். எங்கள் இலத்தூர்ப் பக்கத்தில் இன்றைக்கும் கபடிக்கும் வாலிபாலுக்கும்தான் செல்வாக்கு. கூடைப்பந்து பட்டணத்து ஆட்டமாகவே நின்றுவிட்டது. அதில் ஒரு தமிழ்ப் பையன் கெட்டிக்காரனாகிவிட்டால் அவனுக்குக் கிடைப்பது ஆட்டக்காரன் என்ற உத்தியோகம் அல்ல, ஐ.சி.எஃப்.பிலோ இந்தியன் ஓவர்சீஸ் வங்கியிலோ ஒரு வேலை. சாயங்காலம் பந்து, காலையில் கோப்பு. 2015-இல் யு.பி.ஏ. என்று பணம் கொடுத்து ஆடவைக்கும் தொடர் ஒன்று தொடங்கிச் சில வருஷங்களில் ஓய்ந்துபோயிற்று. ஆகவே இந்த வழக்கு அதன் முழு உருவத்தில் நடந்த இடத்துக்கே நாம் போக வேண்டியிருக்கிறது.

பழைய காலத்தில் இது ஒரு வழக்காகவே இல்லை. பாஸ்டன் கோஷ்டியின் பில் ரஸல் 1956 முதல் 1969 வரை 13 பருவங்கள் ஆடி, 11 முறை வெற்றிக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அப்படிப்பட்ட வீரர், முக்கியமான ஆட்டங்களுக்கு முன்னால் பதற்றத்தில் வாந்தி எடுப்பார். கூட ஆடுபவர்களுக்கு அது நல்ல சகுனம்! உள்ளேயிருந்து அந்தச் சப்தம் கேட்டால், 'இன்றைக்கு ஜயம் நமக்குத்தான்' என்று முகம் மலர்வார்களாம். வயிற்றைப் புரட்டும் பயத்தை ஒருவரும் வியாதி என்று நினைக்கவில்லை. ரஸலும் லீவு கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதலாளி என்ன சொல்லியிருப்பார் என்பதை ஊகிக்க அதிக மூளை வேண்டாம். அந்த நாளில் உடம்புக்கே உத்தரவாதம் கிடையாது. ஓய்வூதியம் கேட்டதற்கே பெரிய ரகளை நடந்தது.

அந்த ரகளையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. 1964 ஜனவரி 14-ஆம் தேதி, பாஸ்டனில், இரு பிரிவுகளிலிருந்தும் பொறுக்கி எடுத்த வீரர்களின் காட்சி ஆட்டம். தேசம் முழுவதும் டெலிவிஷனில் பார்க்கக் காத்திருக்கிறது. ஆட்டக்காரர்களின் சங்கம் 1954-இல் பாப் கூஸி தொடங்கியது. பத்து வருஷமாகியும் முதலாளிகள் அதைச் சட்டை செய்யவில்லை. அன்று சாயங்காலம் வீரர்கள் உடை மாற்றும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, 'ஓய்வூதியத்துக்கு வாக்குக் கொடுத்தால் ஒழிய வெளியே வரமாட்டோம்' என்று உட்கார்ந்துவிட்டார்கள். லாஸ் ஏஞ்ஜலஸ் கோஷ்டியின் முதலாளி, தன் வீரர்களுக்கு ஆள் மூலம் மிரட்டல் சொல்லி அனுப்பினார். பலிக்கவில்லை. கடைசியில் லீக்கின் தலைவர் வால்டர் கென்னடி வாக்குக் கொடுத்தார்; ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. டெலிவிஷன் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததுதான் அவர்களுடைய பலம். கிழவனான பிறகு கஞ்சிக்கு வழி, அவ்வளவுதான் அன்று அவர்கள் கேட்டது. மனத்தைப் பற்றிய பேச்சு எழ இன்னும் ஐம்பது வருஷம் பிடித்தது.

அது கிடக்கட்டும். அந்த ஐம்பது வருஷத்தில் நாம் இங்கே என்ன செய்துகொண்டிருந்தோம்?

இலத்தூரிலிருந்து குற்றாலம் கூப்பிடு தூரம் இல்லை; ஆனால் சாரல் கூப்பிட்டால் போய்விடுகிற தூரம்தான். ஆனி, ஆடி மாதங்களில் அருவிக்கு வருகிறவர்களில் பலர் உல்லாசத்துக்கு வருகிறார்கள். சிலர் கொண்டுவரப்படுகிறார்கள். குற்றாலத் தண்ணீர் தலையில் விழுந்தால் பித்தம் தெளியும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. சிறு வயதில் நான் பெரிய அருவியில் ஒருவரைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும், படித்தவர், சர்க்கார் உத்தியோகஸ்தர் என்று பேச்சில் தெரிந்தது. இரண்டு மைத்துனன்மார் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து அவரை அருவிக்குக் கீழே நிறுத்தியிருந்தார்கள். வெளியே வந்ததும் அவர் தலையைக்கூடத் துவட்டாமல், 'இன்னும் எத்தனை நாள் லீவு பாக்கி இருக்கு மாப்பிள்ளே?' என்று கேட்டார். பைத்தியக்காரன் கேட்கிற கேள்வியா அது?

அவர் பைத்தியமும் இல்லை, சுகமாகவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே நின்றார். நம் தேசத்துச் சட்டத்தில் அந்த நடு இடத்துக்கு வெகு காலம் பெயரே இல்லை. சென்னையில் 1794-இல் வாலண்டைன் கானலி என்ற வெள்ளைக்கார வைத்தியர் சித்தம் கலங்கியவர்களுக்கு ஒரு விடுதி வைத்தார். 1871-இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு, 'லோகாக் தோட்டம்' என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரே ஒரு வசவாகிவிட்டது. 1912-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குத் தெரிந்தவர்கள் இரண்டு வகை மனிதர்கள்தான். ஒருவன் பைத்தியம், அவனை அடைக்க வேண்டும். மற்றவன் தெளிந்தவன், அவன் வேலைக்குப் போக வேண்டும். அந்தச் சட்டம் சுதந்திரம் வந்து நாற்பது வருஷம் வரை நீடித்தது. 1987-இல்தான் அதற்குப் பதில் வேறொன்று இயற்றினார்கள்.

கீழ்ப்பாக்கத்தின் சுவர்களைக் கொஞ்சம் தாழ்த்தியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று பெயர் பெற்ற அவர், 1961 முதல் 1978 வரை அந்த ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். ஓய்வு பெற்ற பின் 1984-இல் 'ஸ்கார்ஃப்' என்ற நிலையத்தைத் தோற்றுவித்தார். மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, குணமானவனுக்கு வேலை வேண்டும் என்று பேசியவர் அவர். ஆனால் தெற்கே, ராமநாதபுரம் ஜில்லாவில், 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலை, ஏர்வாடியில் ஒரு தனியார் விடுதியின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் வெந்து மடிந்தார்கள். பில் ரஸலின் வாந்தியைச் சகுனம் என்று கொண்டாடியவர்களை நாம் கேலி செய்வதற்கு முன்னால் இந்த 28 பேரை நினைத்துக்கொள்வது நல்லது.

ஆனாலும் ஒரு விஷயத்தில் நாம் அமெரிக்காவை முந்திக்கொண்டோம் என்று சொன்னால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். ஆலைத் தொழிலாளருக்காக 1948-இல் இயற்றிய ஈ.எஸ்.ஐ. சட்டத்தைச் சொல்கிறேன். 1952-இல் கான்பூரிலும் தில்லியிலும் அமலுக்கு வந்த இந்த ஏற்பாட்டில், தொழிலாளிக்கு உடம்புக்கு ஆகவில்லை என்று சீட்டு எழுதுகிறவர் ஆலை முதலாளியின் டாக்டர் அல்ல, ஈ.எஸ்.ஐ. டாக்டர். அந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, நோய்க்கால உதவி பெறும் தொழிலாளியை அந்தச் சமயத்தில் வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று முதலாளியின் கையைக் கட்டியது. பிற்பாடு நீண்டகால வியாதிகளுக்கென்று ஒரு பட்டியல் போட்டபோது காசநோய், குஷ்டம் முதலியவற்றோடு மனோவியாதிகளையும் சேர்த்தார்கள். பட்டியலில் உள்ள வியாதி என்றால் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு வருஷம் வரையில். எங்கள் தெருவில் மில் வேலையிலிருந்த ஒருவர் இந்தச் சலுகைக்குத் தகுதியுள்ளவராக இருந்தும் கடைசி வரையில் வயிற்றுவலி என்றே சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார். பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டியிருந்தது. சட்டம் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. உள்ளே நுழைவதை ஊரார் பார்க்கிறார்களே!

சீட்டு எழுதுகிறவர் யார் என்கிற இந்தக் கேள்வியை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு இப்போது ஹூஸ்டனுக்குப் போவோம்.

2012 ஜூன் மாதம், புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், ஹூஸ்டன் ராக்கெட்ஸ் 16-ஆவது இடத்தில் ராய்ஸ் வைட் என்ற வாலிபரை எடுத்துக்கொண்டது. ஆறடி எட்டங்குலம், பந்தைக் கையாளுவதில் குள்ளர்களின் சாமர்த்தியம். தமக்குப் பதற்றநோய் உண்டு, விமானத்தில் ஏறுவது பெரும் உபத்திரவம் என்பதை அவர் ஒளிக்கவில்லை. தெரிந்துதான் எடுத்தார்கள். ஒரு பருவத்தில் 82 ஆட்டம். பாதி, அதாவது 41 ஆட்டம், வெளியூரில். தேசமோ கடற்கரைக்குக் கடற்கரை மூவாயிரம் மைல். சில ஊர்களுக்கு பஸ்ஸில் வரலாம் என்று கோஷ்டி இணங்கியது. ஆனால் வைட் கேட்டது பஸ் மட்டும் அல்ல. 'கணுக்கால் பிசகினால் வைத்தியர் பார்த்து இன்று ஆடலாம், ஆடக்கூடாது என்று சொல்கிறார். என் மனம் ஆடத்தக்க நிலையில் இருக்கிறதா என்பதை, கோஷ்டியின் கைக்கு அடங்காத ஒரு மனநல வைத்தியர் சொல்லட்டும். அதை எழுத்தில் கொடுங்கள்' என்பதுதான் அவருடைய கோரிக்கையின் சாரம்.

யோசித்துப் பார்த்தால், கான்பூர் ஆலைத் தொழிலாளிக்கு 1952-இல் கிடைத்ததைத்தான் அவர் கேட்டார்.

முதலாளி தரப்பையும் சொல்லத்தான் வேண்டும். கணுக்கால் வீங்கினால் கண்ணுக்குத் தெரிகிறது. எலும்பு விட்டுப்போனால் படம் பிடித்துக் காட்டுகிறது. மனத்துக்கு அப்படிப் படம் உண்டா? நாளைக்கு ஒவ்வொருவனும் மனம் சரியில்லை என்று பயிற்சிக்கு வராவிட்டால் ஆட்டம் எப்படி நடக்கும்? இந்தச் சந்தேகத்தை வெறும் கல்நெஞ்சம் என்று நான் தள்ளிவிடமாட்டேன். நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன் நூறு பொய்க் காய்ச்சலைப் பார்த்தவனாகத்தான் இருப்பான். ஆனால் காய்ச்சலிலும் பொய் உண்டு என்பதற்காக எந்த முதலாளியும் தெர்மாமீட்டரைத் தானே கையில் வைத்துக்கொள்வதில்லை.

நவம்பரில் வைட் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினார். அபராதம் விதித்தார்கள். கீழ்த்தரக் கோஷ்டி ஒன்றுக்குப் போகச் சொன்னார்கள், மறுத்தார். 2013 ஜனவரியில் தற்காலிகமாக நீக்கினார்கள். அந்த மாதக் கடைசியில் சமரசமாகி, கீழ்த்தரக் கோஷ்டியில் கொஞ்ச நாள் ஆடினார். அந்த வருஷமே வேறு கோஷ்டிக்கு மாற்றி, அங்கிருந்தும் கைவிட்டார்கள். கடைசியில் 2014 மார்ச்சில் சாக்ரமெண்டோ கோஷ்டிக்காக 3 ஆட்டங்கள், மொத்தம் 9 நிமிஷம். ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. அமெரிக்காவின் மேல்தரக் கூடைப்பந்தில் ராய்ஸ் வைட்டின் சரித்திரம் அவ்வளவுதான். பிறகு கானடா தேசத்துக்குப் போய் அங்குள்ள லீகில் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பரிசு வாங்கினார். அங்கே ஊர்கள் பஸ் தூரத்தில் இருந்தன.

வைட் கேட்டபோது சிரித்தவர்கள், ஐந்து வருஷம் கழித்துக் கைதட்டினார்கள். 2018 பிப்ரவரியில், டொராண்டோவின் நட்சத்திர வீரர் டெமார் டிரோஸன் தம்மை மனச்சோர்வு வாட்டுவதாக ஒரு வரி எழுதினார். மார்ச்சில் க்ளீவ்லாந்தின் கெவின் லவ், முந்தின நவம்பரில் ஆட்டத்தின் நடுவிலேயே மூச்சடைத்து, இதயம் வெடித்துவிடும்போல் ஆகித் தாம் உள்ளே ஓடிப்போனதை விவரமாக எழுதினார். இருவரும் பெயரும் புகழும் பெற்ற பின்பு பேசினார்கள். வைட் ஓர் ஆட்டமும் ஆடுவதற்கு முன்பே பேசினார். இந்த வித்தியாசத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா சொன்னால் சாக்கு. ஹெட்கிளார்க் சொன்னால் அனுதாபம். எப்படியோ, 2019-ஆம் வருஷத்துப் பருவத்திலிருந்து ஒவ்வொரு கோஷ்டியும் தகுதி பெற்ற மனநல வல்லுநரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று லீக் உத்தரவிட்டது. ஆட்டக்காரர் சங்கமும் தன் பங்குக்குத் தனி ஏற்பாடு ஒன்று செய்துகொண்டது. ஆக வைத்தியர்கள் இரண்டு பக்கத்திலும் வந்துவிட்டார்கள். இரண்டு வைத்தியர்களும் வேறு வேறு சொன்னால்?

அந்தச் சோதனை 2021-இல் வந்தது. ஃபிலடெல்ஃபியாவின் பென் ஸிம்மன்ஸ், ஜூன் மாதம் அட்லாண்டாவோடு நடந்த ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், கூடைக்கு நேர் கீழே நின்றும் பந்தைப் போடாமல் வேறொருவருக்குத் தள்ளிவிட்டார். கோஷ்டி தோற்றது. ஊர் அவரைப் பிய்த்து எடுத்தது. அவர் 'என்னை வேறு கோஷ்டிக்கு மாற்றுங்கள்' என்று சொல்லிப் பயிற்சிக்கு வரவில்லை. அபராதம் ஏறியது. அக்டோபரில் வந்தார், பயிற்சியில் சிரத்தையில்லை என்று வெளியே அனுப்பி ஓர் ஆட்டத்துக்கு நீக்கினார்கள். அதற்குச் சில நாள் கழித்து, 'ஆடும் மனநிலையில் நான் இல்லை' என்று சகாக்களிடம் சொன்னார். சங்கத்தின் மூலம் கிடைத்த வைத்தியரிடம் அவர் போனார். கோஷ்டியோ தன்னுடைய வைத்தியரையும் பார்க்க வேண்டும் என்றது. ஆடாத ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஏறக்குறைய 3,60,000 டாலர் பிடித்தம்.

மாற்றல் கேட்டவர் பிறகு வியாதி சொன்னால் சந்தேகம் வராதா? வரும். எனக்கும் வந்தது. ஆனால் கோபமும் வியாதியும் ஒரே மனிதனுக்குள் குடியிருக்கக் கூடாது என்று எந்த வைத்திய நூல் சொல்கிறது? ஊரே காறித் துப்பினால் கோபமும் வரும், நோயும் வரும். இவற்றைக் கத்தரித்துப் பிரிப்பது வைத்தியருக்கே கஷ்டம், கணக்குப்பிள்ளையால் முடியுமா?

இதே முடிச்சை, கூடைப்பந்தோடு ஒரு சம்பந்தமும் இல்லாமல், அதே வருஷம் டிசம்பர் 17-ஆம் தேதி தில்லி உச்ச நீதிமன்றம் அவிழ்த்தது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் அதிகாரியாக இருந்த ஒருவருக்கு, உத்தியோகத்தில் சேர்ந்து சில வருஷங்களில் விடாத எண்ணச்சுழல் நோயும் மனச்சோர்வும் கண்டன. வேலைக்கு வராதது, தகாத வார்த்தை பேசியது, மேலிடத்தைக் கேட்காமல் டெலிவிஷனில் தோன்றியது என்று அவர் மேல் குற்றச்சாட்டுகள் எழுந்து விசாரணை நடந்தது. 'நடத்தைக்கு முழுக் காரணமும் வியாதிதான் என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. காரணங்களில் ஒன்றாக வியாதி இருந்தாலே போதும், இந்த விசாரணை பாரபட்சம்தான்' என்பது நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பின் கருத்து. 2016-ஆம் வருஷத்து ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின்படி, அந்த வேலைக்கு அவர் ஏற்றவராக இல்லாவிட்டால் சம்பளம் குறையாமல் வேறு வேலை கொடுங்கள். துப்பாக்கி கொடுப்பதா இல்லையா என்பதை நீங்கள் தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். துப்பாக்கி வேறு, சம்பளம் வேறு என்று பிரித்தார்களே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஐ.சி.எஃப்.பிலும் வங்கியிலும் சாயங்காலம் பந்து போடுகிற நம் பையன்கள் ஃபிலடெல்ஃபியா சங்கதியைக் கைபேசியில் கரைத்துக் குடித்திருப்பார்கள். தில்லித் தீர்ப்பை அவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? சர்க்கார் உத்தியோகஸ்தர்களாகிய அவர்களுக்குப் பயன்படக்கூடியது அதுதான்.

ஸிம்மன்ஸை 2022 பிப்ரவரி 10-ஆம் தேதி புரூக்ளினுக்கு மாற்றினார்கள். பிடித்த சம்பளத்தில் ஏறக்குறைய 2 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டு அவர் வழக்காடினார். நடுவர் ஒருவர் முன் அது முழுவதும் நடந்து தீர்ப்பாகியிருந்தால், மனம் சரியில்லை என்ற சீட்டில் யாருடைய கையெழுத்துச் செல்லும் என்பதற்கு அந்த ஆட்டத்தில் ஒரு விதி பிறந்திருக்கும். ஆகஸ்டு மாதம் இரு தரப்பாரும் சமரசம் செய்துகொண்டார்கள். எவ்வளவு கொடுத்தார்கள், எதை ஒப்புக்கொண்டார்கள் என்பதை வெளியிடக்கூடாது என்று நிபந்தனை. கோப்பைக் கட்டி வைத்துவிட்டார்கள்.